ஒயரில் போகாத பேச்சு

சின்னக்கானல் எஸ்டேட்டில் என் அக்கா மெர்சி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பாதையில் காலையிலேயே யானை வந்து நிற்கும். அசைவு தெரிந்தால் மணியடிக்கும் கருவி ஒன்றை அவளுக்காகச் செய்ய ஆரம்பித்தேன். அதற்காக வாங்கிய எலக்ட்ரானிக் போர்டை ஒயரால் கம்ப்யூட்டரில் மாட்டியதும் அதில் விளக்கு எரிந்தது. ஆனால் அது கண்டதைக் காட்ட வேண்டிய கம்ப்யூட்டர் திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. புரோகிராமை எத்தனை முறை மாற்றியும் பலனில்லை.

போர்டை அனுப்பிய சித்தூர் கடைக்காரருக்குப் போன் செய்தேன். முகம் பார்த்துப் பழகாதவர்.

“கம்ப்யூட்டர்ல மாட்டுறப்ப டிங்குன்னு சத்தம் வருதுங்களா?”

“இல்லண்ணே.”

“அது எதோட வந்த ஒயருங்க?”

“டார்ச் லைட்டோட வந்தது.”

“அதுல கரண்டு மட்டுந்தான் போகுமுங்க, தகவல் போகாது. வேற ஒயரு போட்டுப் பாருங்க.”

பக்கத்து வீட்டில் ஒயர் வாங்கி வரும்வரை லைனிலேயே இருந்தார். மாட்டியதும் திரையில் வரிவரியாக எழுத்து ஓடியது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், அவர் பக்கத்திலிருந்து நோயாளியின் ஆளைத் தேடும் நர்ஸின் குரல் கேட்டது.

“அண்ணே, ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க?”

“அம்மாவுக்கு ஆபரேஷனுங்க. உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம உக்காந்திருந்தேன். நம்மளால சரி பண்ண முடியறது ஒண்ணு வந்துச்சேன்னு ஆறுதலா இருந்துச்சுங்க.”

மறுநாள் விசாரித்தேன். அம்மா கண் திறந்து பேசிவிட்டார் என்றார்.

கருவியைச் செய்து முடித்துப் பாதையில் வைத்தேன். அதன் மணிச் சத்தம் கேட்டு மெர்சி ஒருமுறை பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள். யாரிடம் உதவி கேட்டுக் கூப்பிட்டாலும், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்ட பிறகே இப்போதெல்லாம் என் கஷ்டத்தைச் சொல்கிறேன்.