நாத்தனார் முடிச்சு

ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. வலக்கை விரல்கள் ஊசியைப் பிடித்தன, நகர மட்டும் மறுத்தன. நடுக்கம் அதற்கப்புறம் வந்தது. வலங்கைமானில் தையல் கடை வைத்துப் பிழைத்தவளுக்குக் கை போனால் என்ன மிச்சம்? கடையைப் பூட்டிவிட்டு வீட்டோடு கிடந்தேன்.

தஞ்சாவூர் நரம்பு மருத்துவர் பார்க்கின்சன் என்றார் (மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்து, உடல் அசைவுகள் மந்தமாகும் நோய்). சில வருடம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. பிறகு, விழுங்கினால் கொஞ்ச நேரம் மனுஷி, அது தீர்ந்தால் மரக்கட்டை. இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பொறாமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் பயத்தைச் சொல்கிறார்கள், தைரியத்தைச் சொல்கிறார்கள். பொறாமையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு வந்ததில் பாதி அதுதான்.

என் தங்கை வசந்தியின் மேல். தொண்ணூறுகளில் அவள் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், பின்னாலேயே இவளும் போனாள். லீவுக்கு வந்தால் நேரே என் அடுப்படியில் புகுந்து மடமடவென்று வெங்காயம் நறுக்குவாள். எனக்கு வயிறு எரியும். "நீ உக்காருக்கா" என்பாள். உட்கார்ந்துதானே கிடக்கிறேன், வேறென்ன கிழிக்கிறேன்! ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே, இந்தச் சனியன் என்னை மட்டும் ஏன் பிடித்தது?

அண்ணனுக்கு அறுபது நெருங்கியது. திருக்கடையூரில் மறுபடி தாலி கட்டுவது என்று முடிவாயிற்று. கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால், மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அண்ணன் கல்யாணத்தில் போட்டவள் நான். அறுபதாம் கல்யாணத்திலும் அதே கைதான் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

"இந்தத் தடவ வசந்தி போடட்டுமே. நீ ஏன் சிரமப்படணும்?" என்றாள் அண்ணி. அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மருத்துவர் சொல்லியும் அதுவரை தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சைக்கு அன்றுதான் சம்மதித்தேன். ஆழ்மூளைத் தூண்டல் என்பார்கள் (மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, நெஞ்சில் பதித்த சிறு கருவியிலிருந்து மின்துடிப்பு அனுப்புவது). சென்னையில் மருத்துவமனையைத் தேடிப் பிடித்ததும் வசந்திதான். நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

தலையை ஒரு சட்டத்தில் பூட்டி, விழித்திருக்கும்போதே செய்தார்கள். "கையைத் திறந்து மூடுங்கம்மா" என்றார் மருத்துவர். திறந்தது. மூடியது. என் கை, நான் சொன்னதைக் கேட்டது! தலையை அசைக்க வழியில்லாததால் கண்ணீர் காதுக்குள் போனது.

"இது நோயைக் குணமாக்காதும்மா, கட்டுப்படுத்தும், அவ்வளவுதான். மாத்திரையைக் குறைச்சிருக்கோம். நீங்களா நிறுத்திடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கேட்டேனா? தாலி ஏறும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்று விரதம் இருந்தேன். காலை மாத்திரையையும் விட்டுவிட்டேன். நெஞ்சில் மெஷின் ஓடுதே, போதாதா என்ற நினைப்பு. நீங்கள் யாரும் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யாதீர்கள்.

பிராகாரம் முழுக்க அறுபதும் எண்பதுமாகத் தம்பதிகள். கெட்டிமேளம் முழங்கியது. அண்ணன் முதல் முடிச்சைப் போட்டுக் கையை எடுத்தார். அண்ணியின் பின்னால் நின்ற நான் மஞ்சள் கயிற்றைப் பிடித்தேன். பிடித்ததோடு சரி. நடுக்கமே இல்லை, விரல்கள் விறைத்து நின்றன.

முடிச்சு விழும்வரை மேளம் நிற்கக் கூடாது. தவில்காரர் என்னைப் பார்த்தபடியே அடிக்கிறார், அடிக்கிறார், முகமெல்லாம் வியர்வை. ஒரு முடிச்சுக்குள் இத்தனை நேரம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வசந்தியின் கை பக்கத்தில் வந்தது.

"கைய எடுடி" என்றேன். எடுத்துக்கொண்டாள்.

எப்படியோ இரண்டாவதைப் போட்டுவிட்டேன். மூன்றாவதுக்கு விரல் மடங்கவே இல்லை. கயிற்றை விட மனமும் இல்லை. அண்ணி குனிந்த தலை குனிந்தபடி இருந்தாள், கழுத்து வலித்திருக்கும்.

"நீ போடு" என்றேன் வசந்தியிடம். அவள் அசையவில்லை. "போட்டுத் தொலைடி, தவில்காரர் செத்துருவாரு!"

போட்டாள். அவள் விரல்கள் கிடுகிடுவென்று ஆடின. அழுகிறாள் போல என்று நினைத்தேன்.

சத்திரத்துக்கு வந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, உடம்பு திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். இப்போதெல்லாம் என் உடம்பு எனக்கு வந்து போகும் விருந்தாளி. என் நேரத்தைக் கடிகாரம் சொல்வதில்லை, உடம்புதான் சொல்கிறது. வசந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உனக்கு மொதல்ல எந்த விரல்ல ஆரம்பிச்சுது?"

"ஏண்டி?"

"உனக்கு வந்ததுலேருந்து தெனம் காலைல எந்திரிச்சதும் கைய நீட்டிப் பாத்துக்குறேன். ஒரே வயித்துல பொறந்தோம்ல? இன்னிக்கி ஆடுச்சே, பாத்தியா?"

அசிங்கமாக இருந்தாலும் சொல்கிறேன். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணமே, ஐயோ, இவளுக்கு வேண்டாம், என்னோடு போகட்டும் என்று அம்பாளைக் கூப்பிட்டேன்.

வலக்கையை என் முன்னால் நீட்டினாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்தேன். அத்தனையும் சொன்னபடி கேட்டன.

"நல்லாத்தாண்டி இருக்கு. பயத்துல ஆடிருக்கு" என்றேன்.

"இன்னொரு தடவ நல்லாப் பாருக்கா" என்று மறு கையையும் நீட்டினாள்.