பதாகையில் இல்லாத புள்ளிகள்

தோழியரே! தோழர்களே! கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்குத் தெருக்களில் என் குரலைக் கேட்டுச் சலித்த நல்லவர்களே!

பெயர் ஒட்டாத வெள்ளைச் சிமிழ் ஒன்று இன்றும் நம் கடைகளில் விற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் எழுதவில்லை. அதை நம் பெண்கள் முகத்தில் பூசுகிறார்கள். அதுவே என் குற்றச்சாட்டு. குற்றவாளிகளின் வரிசையில் முதலில் நிற்பவளும் நானே...

சுக்கு மணம் மூக்கில் ஏறும் மாலை நான்கு மணி. அந்த மணத்தோடுதான் என் நினைவு தொடங்குகிறது. முப்பது ஆண்டுகள், மிளகும் சுக்கும் புடைக்கும் பெண்களுக்காக நான் பேசியதெல்லாம் அந்த வேளையில்தான். கேட்பவர்களுக்குப் பந்தல், பேசுபவளுக்கு வெயில். மேடையை மேற்கு நோக்கிப் போடுவார்கள். "பேசுகிறவள் நிழல் தேடலாமா?" என்று நானே முழங்கியிருக்கிறேன். கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன்!

அந்த வெயில் என் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் புறங்கையிலும் பழுப்புப் புள்ளிகளாகத் தங்கிவிட்டது. அறுபது வரை அதை நான் கண்டுகொள்ளவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். பதாகை அச்சிடும் முருகேசன், தென்காசிப் பக்கத்துக்காரர், கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"அம்மா, புள்ளியெல்லாம் தொடச்சுட்டேன். இருபது வயசு கொறஞ்சு போச்சு, பாருங்க!"

பார்த்தேன். மயங்கினேன். அதுதான் நான் செய்த பிழை.

விழாவன்று மேடைக்குப் பின்னே பத்தடி உயரத்தில் பளபளக்கும் ஒரு முகம். அதன் முன்னே புள்ளிகளோடு நான். முன்வரிசையில் ஒருத்தி பதாகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரு, அம்மாவோட தங்கச்சியா?" என்றாள். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் காலை அந்த வெள்ளைச் சிமிழை வாங்கினேன்.

நாள்தோறும் பூசினேன். பூசிய முகத்தோடு நான்கு மணி வெயிலில் போய் நின்றேன். முகம் எரிந்தது. புள்ளிகள் மங்குவதுபோல் தோன்ற, எரிச்சலை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்... இப்படியே மூன்று மாதம்.

அப்போதுதான் சுலைகா பிடித்தாள். அழகு நிலையம் நடத்துபவள். பாலக்காட்டு இராவுத்தர் வீட்டுப் பெண். என்னைவிட நான்கு வயது இளையவள். என் பேச்சை முகத்துக்கு நேரே கேலி செய்யும் ஒரே தோழி. புருவம் திருத்த உட்கார்ந்த என் நெற்றிப்பொட்டில், ஒரு புள்ளியின் மேல் அவள் கை நின்றது.

"அக்கா, என்னத்த தேய்க்கிறீங்க?"

"ஒரு களிம்பு."

"களிம்பா? எங்க கடையில அதுக்கு க்ரீம்னு பேரு. பேரே இல்லாத க்ரீம், அல்லே? தோலெல்லாம் வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருக்கு, கேட்டோ."

"புள்ளி போனால் போதும். நீயே ஏதாவது பூசி வெளுத்துவிடேன்."

"மத்ததுக்கெல்லாம் யோசிப்போம். இந்த ஒண்ண நான் தொட மாட்டேன். ஓரம் நேரா இல்ல, ரெண்டு நிறமா இருக்கு. இது முன்னாடியே இருந்துச்சா?"

எனக்கு நினைவில்லை. பதாகையைப் பார்க்கலாம் என்றேன். சுலைகா வெடித்தாள்.

"அதுலதான் முகத்தையே கழுவிட்டாங்களே அக்கா! துடைக்காத படம் வேணும்."

முருகேசனைக் கைப்பேசியில் அழைத்தாள். அவர் பழைய படத்தைத் தேடி அனுப்பினார். அதில் அந்தப் புள்ளி எள்ளளவு. கண்ணாடியில் அது மிளகளவு.

 

அன்றே சுலைகா என் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினாள். "மேடையில அவ்வளவு சத்தம் போடுற ஆளு, ஒரு ஆசுபத்திரிக்கு வர பேடிச்சா எப்படி?" என்று எர்ணாகுளம் வரை வைதுகொண்டே வந்தாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.

தோல் மருத்துவர் ஒரு மலையாளப் பெண்மணி. இரண்டு படங்களையும் ஒப்பிட்டார். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்.

"பேடிக்கண்டா அம்மா, பயப்படாதீங்க. மத்ததெல்லாம் வெயில் தந்த வயசுப் புள்ளி, ஒண்ணும் செய்யாது. இது மட்டும் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் செய்யணும். அந்த க்ரீம் இன்னியோட நிறுத்தணும். புள்ளிய அது மாத்தாது, மறைக்கும்."

ஆய்வு முடிவு வந்தது. புற்றுநோயின் தொடக்கம். தோலின் மேலடுக்கைத் தாண்டவில்லை. வெட்டி எடுத்தார்கள், ஓர் அரிசியளவு தழும்போடு போயிற்று. இன்னும் ஓராண்டு நான் வெளுத்துக்கொண்டே இருந்திருந்தால்... அந்தத் தொடரை முடிக்க எனக்கு மனமில்லை.

ஏனைய புள்ளிகளுக்கும் பின்னர் மருத்துவம் செய்துகொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. கன்னத்தில் இரண்டை அந்த மருத்துவர் கடுங்குளிரால் உறையவைத்து உதிர்த்தார். கைகளுக்கு அவரே எழுதித் தந்த களிம்பு. "மங்கும்; முழுசா போகும்னு நான் வாக்கு தர மாட்டேன்" என்றார். பாதி மங்கின. பாதி இருக்கின்றன.

அன்று வெயிலைப் பெருமை என்று வாங்கிக்கொண்டேன். இன்று காலைதோறும் வெயில் காப்புக் களிம்பு பூசாமல் வாசல் தாண்டுவதில்லை. மேடைக்கும் கூரை போட வைத்துவிட்டேன். அதற்குத் தனியே ஒரு போராட்டம் நடத்தினேன் என்பது வேறு கதை.

சென்ற வாரம் புதிய பதாகைக்காக முருகேசன் கேட்டார்: "அம்மா, புள்ளிய எடுக்கவா?"

"விடுங்கள் முருகேசன். தழும்பையும் விடுங்கள்."

அந்தத் தழும்பு சுலைகா எனக்கு மீட்டுத் தந்த வாழ்நாளின் முத்திரை. அவளுக்கு நன்றி சொன்னால், "மேடைப் பேச்சு மதி, போதும் அக்கா, சாயா குடிங்க" என்கிறாள். ஆகவே இங்கே, அவளால் தடுக்க முடியாத இடத்தில், உரக்கச் சொல்கிறேன்: நன்றி, சுலைகா!

தோழியரே, இப்போதே எழுந்திருங்கள். அந்தப் பெயரில்லாச் சிமிழைக் குப்பையில் எறியுங்கள். முகத்தைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் நில்லுங்கள். துடைக்காத பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். வளர்ந்த புள்ளி, நிறம் மாறிய புள்ளி, ஓரம் கலைந்த புள்ளி, ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் நாளைக் காலை முதல் படகில் ஏறுங்கள்!