ஜோடி போடுகிறவனின் ஒற்றைக் கையுறை

இந்த ஊரில் ஒற்றைக் கையுறைக்கு ஒரு மரியாதை உண்டு. குளிர்காலத்தில் யாராவது ஒன்றைத் தவறவிட்டால், பின்னால் வருகிறவர் அதை எடுத்துப் பக்கத்து வேலிக்கம்பியில் மாட்டிவிட்டுப் போவார். தொலைத்தவர் தேடி வரும்வரை அது ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு மழையில் நனையும். இங்கிலாந்தின் வடக்கில் இருக்கும் இந்தச் சிற்றூருக்கு வந்த புதிதில், அதைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். இதன் ஜோடி எங்கே என்று புதர் புதராகத் தேடுவேன். “ஏங்க, பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? வாங்க” என்று என் மனைவி ஜெயந்தி சட்டையைப் பிடித்து இழுப்பாள். வேலூரில் நர்ஸாக இருந்தவள், இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்து வந்தாள். நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன்.

என் கைப் பரபரப்புக்குக் காரணம் ஆம்பூர். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப் போய், ஷூ கம்பெனியில் ஜோடி போடும் மேசையில் நின்றவன் நான். இடதும் வலதும் நிறத்திலும் உயரத்திலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பெட்டியில் வைக்க வேண்டும். ஜோடி இல்லாமல் ஒன்று மிஞ்சினால் அதற்கு இங்கிலீஷில் ‘ஆட்’ (odd) என்று பெயர். எதிர் மேசை இம்தியாஸ் “ஆட் வந்துச்சிடா” என்று குரல் கொடுத்தால் போதும், மூடிய பெட்டிகளையெல்லாம் திறந்து கொட்டுவோம். ஜோடி கிடைக்காமல் யாரும் டீக்குப் போகமாட்டோம். தொலைந்தே போனால் அந்த மேசைக்காரன்தான் பொறுப்பு. இங்கிலீஷும் எங்களுக்கு அங்கேதான் வந்தது. ‘டங்’ என்றால் லேஸுக்குக் கீழே இருக்கும் தோல்தான் முதலில் நினைவுக்கு வரும். வாயில் இருக்கும் நாக்கு அப்புறம்தான். அந்த இங்கிலீஷை நம்பித்தான் விமானம் ஏறினேன்.

இங்கே செருப்பு தைக்கும் கடை ஒன்றில் ஆள் தேடினார்கள். ஆனால் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்ல வேண்டுமாம். எனக்கு யாரைத் தெரியும்? அதனால் கடைத்தெருவில் இருக்கும் தருமக் கடையில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்தேன். ஊரார் கொண்டுவந்து கொடுக்கும் பழைய துணி, பாத்திரம், ஷூ எல்லாவற்றையும் விற்று, அந்தக் காசை நல்ல காரியத்துக்கு அனுப்பும் கடை. அதை நடத்துகிற மார்கரெட் அம்மையார் கொஞ்சமாகப் பேசுவார், நிறைய டீ குடிப்பார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வேலை கிடைத்துவிடும். ஒரு சனிக்கிழமை என்னை நம்பிக் கடையை விட்டுவிட்டு வெளியே போனார். அப்போதுதான் ஷூ அலமாரியை நிதானமாகப் பார்த்தேன். அத்தனையும் ஒற்றை ஒற்றையாக நின்றன. ஒரு அலமாரி முழுக்க ஆட். பின்னறையைத் துழாவி எல்லாவற்றுக்கும் ஜோடியை எடுத்துவந்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது, ஆம்பூர் மேசையையே பார்த்த மாதிரி மனம் நிறைந்தது.

சாயங்காலம் மார்கரெட் திரும்பி வந்தபோது புத்தம் புதிதாக இருந்த பிரவுன் பூட்ஸ் ஜோடியோடு காணாமல் போயிருந்தது. திருட்டுக்குப் பயந்துதான் ஒற்றையாக வைக்கிறார்களாம். ஒரு காலை மட்டும் திருடி யார் என்ன செய்வது? அவர் திட்டவில்லை. “ஓ டியர்” என்றார். பிறகு போனில் யாரிடமோ, “ஹி இஸ் எ பிட் ஆட்” என்றார். அது என் காதில் விழுந்தது. அந்த வாரம் முழுக்க ஜெயந்திக்கு வேறு ஷிஃப்ட். நான் தனியாகத்தான் கடைக்கு வருவதும் போவதுமாக இருந்தேன். ஜோடி இல்லாமல் திரிகிறான் பாவம் என்று இந்த அம்மாள் கவனித்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் ஜெயந்தியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஆட்னா ஒரு மாதிரியான ஆளுன்னு அர்த்தங்க.”

“ஜோடி இல்லாததுன்னு இல்லியா?”

“அதுவும்தான். ஷூவுக்குச் சொன்னா அது. ஆளுக்குச் சொன்னா இது.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. பூட்ஸோடு சேர்ந்து என் வேலையும் நடந்து போய்விட்டது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை சீக்கிரமே கடைக்குப் போனேன். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது இம்தியாஸும் மற்றவர்களும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த ஒரு ஜோடி ஷூ என்னிடம் இருந்தது. கம்பெனியில் எங்கள் கையில் தயாரானது. என்னிடம் இருந்த ஒரே நல்ல ஷூவும் அதுதான். இடதை அலமாரியில் அந்த பூட்ஸ் இருந்த இடத்தில் வைத்தேன், வலதைப் பின்னறையில் வைத்தேன். மார்கரெட் வந்து அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். “மை டேபிள், மை லாஸ்” என்றேன், என் மேசையில் தொலைந்தது என் நஷ்டம் என்கிற அர்த்தத்தில். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். அந்த மழையில் ஹவாய் செருப்போடு வந்திருந்தேன், விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அம்மையார் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார். பின்னறைக்குப் போய் வலதையும் எடுத்துவந்து என் காலடியில் வைத்தார். நான் போட்டு முடிப்பதற்குள் செருப்புக்கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுவிட்டார். “ஹி இஸ் எ பிட் ஆட்” என்று தொடங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே “யூ வில் லைக் ஹிம்” என்று முடித்தார். அதே சொல்தான். இந்த முறை ராத்திரிச் சோறு இறங்கியது.

இப்போது அந்தக் கடையில்தான் இருக்கிறேன். போன மாதம் லீவில் ஊருக்குப் போனபோது, கையுறையைக் காட்டி வேலிக்கம்பி வழக்கத்தையும் இங்கத்திக் கதைகளையும் இம்தியாஸிடம் சொன்னேன், அவன் வயிறு வலிக்கச் சிரித்தான். திரும்பி வந்த பிறகுதான் பெட்டியில் இடது கையுறை மட்டும் இருப்பதைக் கவனித்தேன். அன்றைக்கே இம்தியாஸ் போன் செய்தான்.

“டேய், உன் க்ளவுஸ் ஒண்ணு எங்கூட்ல கெடக்குது. ஆட் ஆயிடுச்சி. கொரியர் போட்டுடட்டா?”

“எங்க வெச்சிருக்கே?”

“கேட் கம்பில மாட்டி வெச்சிருக்கேன். தேடினு வருவாங்கன்னு நீதான சொன்ன.”

பழைய ஆளாக இருந்தால் இன்றைக்கே அனுப்பு என்று கத்தியிருப்பேன். ஜோடி பிரிந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற கை இல்லை இது. ஆனால் வாய் வேறு சொன்னது.

“அங்கியே இருக்கட்டும்டா. நானே வந்து எடுத்துக்கறேன்.”

மறுநாள் காலை பனி கொட்டியது. இடது கைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு வேலைக்கு நடந்தேன். எதிரே வந்தவர்கள் என் வெறும் வலது கையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கை ஆம்பூரில், இம்தியாஸ் வீட்டு கேட்டில், வெயில் காய்ந்துகொண்டிருந்தது.