இறாலுக்குத் தெரிந்தது

இறாலின் இரத்தம் சிவப்பில்லை. இதைச் சொன்னால் வீட்டுக்கு வருகிறவர்கள் பலர் நம்பமாட்டார்கள். நிறமே இல்லாமல், சில வேளை இலேசாக நீலம் ஓடியதுபோல இருக்கும். அதை ஊசியால் எடுப்பதுதான் ஆய்வுகூடத்தில் என் வேலை. உறையாமல் தடுக்கும் திரவத்தை முதலே ஊசிக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால், எடுத்த கையோடு உறைந்து ஊசியை அடைத்துவிடும். புத்தளம் பக்கத்துப் பண்ணைகளில் இறால்கள் கும்பல் கும்பலாகச் செத்துக்கொண்டிருந்த காலம். எந்தக் கிருமி கொல்கிறது, இறால் அதை எப்படி எதிர்க்கிறது என்று பார்ப்பதற்காக வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்குத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன்.

அந்த நாட்களில்தான் என் தங்கையின் இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் சிவப்பாகப் படர்ந்தது. எங்கள் மாடிக் கட்டடத்தில் வைத்தியம் தெரியாதவர் ஒருவருமில்லை. ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துப்போனது ஒன்றில்தான்: இது கிரந்தி என்ற தோல்வியாதி, இறாலும் நண்டும் கத்தரிக்காயும் கண்ணிலும் காட்டக்கூடாது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய டொக்டர் சோதித்து, இது லூப்பஸ் என்று சொன்ன பிறகும் விடவில்லை. கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல், சொந்த உடம்பையே அந்நியமென்று நினைத்து அடிக்கிற நோய் அது. இறாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் கத்தினேன். இறாலைக் குத்துகிற நீ எப்போது டொக்டரானாய் என்று அம்மா கேட்டார். தங்கைக்கோ இறால் என்றால் உயிர். வருடக்கணக்காக எங்கள் வீட்டுக்குள் இறால் வரவில்லை.

ஒரு நாள் அவளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போனேன். இறாலின் இரத்தத்துளியில் பக்டீரியாவைக் கலந்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நமக்கு ஒருமுறை அம்மை வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்திருக்கும், இறாலுக்கு அப்படிப்பட்ட வசதி இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். ஆனால் பக்டீரியாவின் மேலுறையில், இறாலின் உடம்பில் எங்கேயுமே இல்லாத சில பொருட்கள் இருக்கின்றன. இரத்தத்தில் உள்ள சில புரதங்கள் அவற்றில் பட்டவுடன் பிடித்துக்கொள்ளும். உடனே இரத்தத்திலுள்ள உயிர்க்கலங்கள் வந்து சூழும். சில விழுங்கிவிடும். விழுங்கி முடியாவிட்டால் சுற்றிக் கட்டி, கறுப்பு நிறமியால் மூடிவிடும். சந்தையில் கறுப்புப் புள்ளி விழுந்த இறாலை நாம் கழித்து வைக்கிறோம். அந்தப் புள்ளிகளில் சில, அது சண்டை போட்ட இடங்கள்.

தங்கை வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"இந்த இறாலுக்கே தன்ர ஆள் ஆர், வெளியாள் ஆரெண்டு தெரியுது. என்ர உடம்புக்கு மட்டும் ஏனக்கா தெரியேல்ல?"

படித்த படிப்பில் அதற்கு ஒரு பதில் இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றைக்கும் தெரியாது.

அந்தக் காவலை அடக்கி வைக்கத்தான் மருந்து கொடுத்தார்கள். முகம் ஊதிப்போனது, வாயெல்லாம் புண் வந்தது, அந்த நோய் தந்த மூட்டு நோ மட்டும் குறைந்தது. காவல் அடங்கிய வீட்டுக்குள் யாரும் நுழையலாம் அல்லவா. சாதாரணச் சளித் தடிமன் ஒன்று நெஞ்சில் இறங்கி, கிருமி இரத்தத்தில் கலந்தது. அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு டொக்டர் மெதுவாகப் பேசினார். மருந்தைக் கூட்டினாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. இனி அவளுக்கு விருப்பமானதைக் கொடுங்கள் என்றார்.

அவளுக்கு இது தெரியவே கூடாது என்று நான் அம்மாவைக் கெஞ்சினேன். முகத்தில்கூடக் காட்டமாட்டேன் என்று அம்மா சத்தியம் பண்ணினார்.

சத்தியத்தைக் காப்பாற்றினார். மறுநாள் மத்தியானம் தலை வாரி, பொட்டு வைத்து, சிரித்த முகத்தோடுதான் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுக் கரியரைத் திறந்தார். வாய்ப்புண் எரியாமலிருக்க மிளகாய்த்தூள் போடாமல், தேங்காய்ப்பாலில் வைத்த இறால் கறி. விடியவே சந்தைக்குப் போய், பெரிய இறாலாகப் பார்த்து எடுத்தாராம்.

தங்கை கறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மா சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"டொக்டர் என்ன சொன்னவரெண்டு இனி உங்களைக் கேக்கமாட்டன் அக்கா. அம்மா சொல்லிப்போட்டா."

அவளுடைய கையைப் பிடித்தேன்.

அம்மா வந்து சோற்றைக் குழைத்து அவள் வாயில் தீத்தினார். விழுங்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நல்ல ருசி என்றாள். அம்மா இன்னொரு இறாலைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டு, நாளைக்கும் கொண்டுவரட்டோ என்று கேட்டார்.

"ஓமம்மா," என்றாள் தங்கை. "கொண்டு வாங்கோ."