ஊசியைப் பார்க்கிறவன்

"விமானியின் கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். இரண்டே சொல். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. பன்னிரண்டு வருஷம் அந்தப் பாதியை நான் வாங்கிக்கொள்ளவில்லை. செத்தவன் தலையிலேயே முழுசாக விட்டுவிட்டு நல்லவனாக உலாத்தினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் திருப்போரூர்க்காரன், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவனுக்குச் செங்கல்பட்டை ஒட்டி ஒரு காலனி. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிவேலை, அப்பா ரயில்வேயில் கேங்மேன். அரசாங்க உதவித்தொகையில் படிக்க வந்தவன். அந்தக் காலனியிலிருந்து விமானம் ஓட்டப் போன முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவனை முன்னால் நிற்கவைத்து ஜெபம் பண்ணுவார்களாம். "மானம் போவுது மச்சான்" என்பான். சொல்லும்போதே வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

மேகத்துக்குள் போய்விட்டால் வெளியே எதுவும் தெரியாது. எதிரே இருக்கிற டயல்களை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். அதைப் பழகுவதற்காக, வண்டிக் குதிரைக்குக் கட்டுகிற மாதிரி நெற்றியில் ஒரு நீளமான மறைப்பை மாட்டிவிடுவார்கள். டயல் மட்டும்தான் கண்ணில் படும். பக்கத்து இருக்கையில் இருப்பவன் வெளியே பார்த்துக்கொள்வான். திசையைக் காட்டுகிற டயல் ஒன்று இருக்கிறதே, அதை நம்பக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தானே விலகிக்கொண்டு போகும். எங்கள் ஓட்டை வண்டியில் கால் மணிக்குப் பத்து டிகிரி விலகும். முன்கண்ணாடிக்கு மேலே காந்த ஊசி ஒன்று இருக்கும். அதுதான் உண்மையைச் சொல்லும். கால் மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து ஊசியைப் பார்த்து, டயலைத் திருகிச் சரிசெய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஒரு சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

அவனுக்கு மறைப்போடு நிமிர்ந்தால் தலை சுற்றும். விமானமே கவிழ்கிற மாதிரி இருக்கிறது என்பான். அது எல்லாருக்கும் வருவதுதான், பத்துத் தடவை பொறுத்துக்கொண்டால் பழகிவிடும். அவன் வெளிறிப்போவதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நீ தலையைத் தூக்காதடா, நான் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. மாமல்லபுரம்வரை போய்த் திரும்பும்போதெல்லாம் நான் ஊசியைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். அவன் குனிந்தபடியே டயலைத் திருகுவான். "நீ இருக்கச்சொல்ல எனக்கு இன்னா கவல மச்சான்" என்பான். எனக்கோ உச்சி குளிர்ந்துவிடும். பயிற்சி ஆசிரியர் ஒருநாள் இதைத் தெரிந்துகொண்டு கன்னாபின்னாவென்று திட்டினார். "ஏம்பா, தனியா மேகத்துல மாட்டினா உன் மச்சானா வந்து ஊசி பாப்பான்?" என்று கேட்டார். நாங்கள் கேன்டீனுக்குப் போய் அவர் மாதிரியே பேசிக்காட்டி, வயிறு வலிக்கச் சிரித்தோம். அறிவுகெட்ட வயசு.

ஐப்பசியில் ஒருநாள் அவன் தனியாகப் பாண்டிச்சேரி பக்கம் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. மறைப்பெல்லாம் இல்லை. வலது பக்கம் கடலை வைத்துக்கொண்டு கரையோடு வந்தால் போதும், திருவிடந்தை தாண்டினால் வீடு வந்த மாதிரி. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மதியத்துக்குமேல் கடலிலிருந்து மேகம் திரண்டு வந்து கரையை மூடிவிட்டது. கழகத்து ரேடியோ அறையில் நான் நின்றிருந்தேன். அவன் குரல் வந்தது. பதற்றமே இல்லை. டயலில் வடக்கு காட்டுகிறது, கரைதான் தெரியவில்லை என்றான். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே சொன்னான். குரல் தேய்ந்துபோயிருந்தது.

டயலை அவன் சரிசெய்திருக்க மாட்டான், நிமிர்ந்து ஊசியைப் பார்க்கிற பழக்கமே அவனுக்கு இல்லை. வடக்கு என்று நினைத்துக்கொண்டு வடகிழக்கே, நடுக்கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். "ஊசியைப் பார்க்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன். ஆசிரியர் மைக்கை எடுத்து மூன்று முறை சொன்னார். பதில் இல்லை. ரேடியோவுக்கு எட்டாத தூரம் போய்விட்டான்.

நாலாம் நாள் மாமல்லபுரத்து மீன்காரர்கள் ஒரு சக்கரத்தையும் கதவுத் துண்டையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவன் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, மடித்து, பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அவன் அம்மா பித்தானெல்லாம் போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இன்றைக்கும் இஸ்திரிக் கடையைத் தாண்டும்போது அது ஞாபகம் வந்து தொலைக்கிறது.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னை ஒரே ஒரு கேள்விதான் சரியாகக் கேட்டார்.

"ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கன்னு கத்தினியாமே. அவன் பார்த்திருக்க மாட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா தோணிச்சு சார்" என்றேன். அடுத்த மாதம் எனக்கு லைசென்ஸ் பரீட்சை. உண்மையைச் சொன்னால் என்னையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். ஆசிரியரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அவர் வேலை. ஆக, கவனக்குறைவு முழுக்க அவனுடையதாகிவிட்டது. எனக்கு லைசென்ஸ் வந்தது, பிறகு வேலையும் வந்தது. தூ.

பன்னிரண்டு வருஷம் கழித்து ஒருநாள் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் ஆள் தன் மகளைக் கடிந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் ஏதோ பெரிய படிப்புக்கு மனு போடவேண்டும் என்கிறாள். "வாணாம்மே. நம்ம காலனில பிளேன் ஓட்டப் போயி வழி தெரியாம கடல்ல வுழுந்தானே, அவன் கத தெரியுமில்ல? நமக்கு இன்னா வருமோ அத்தப் பண்ணு" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன்.

"இன்னாப்பா, இப்பத்தான் வூடு தெரிஞ்சுதா?" என்றார் அவன் அப்பா. அவன் கூப்பிட்ட மாதிரியே அவரை நானும் நைனா என்றுதான் கூப்பிடுவேன். "நைனா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எப்பப் பாத்தாலும் உன்னப் பத்தித்தான் பேசிகினு இருப்பான். 'அவன் பக்கத்துல குந்திகினா நான் தலையே தூக்க வேணாம்மா, அல்லாம் அவனே பாத்துப்பான்'னுவான்."

பாராட்டுகிறார்! டம்ளரைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, டயல், விசாரணை, என் பரீட்சை, ஒன்றையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. நைனா கேட்டது வேறு.

"அப்போ எம்புள்ள ஒண்டியாப் பண்ண தப்பில்ல இது."

"இல்ல நைனா."

"அத்த அப்பவே சொல்லியிருந்தா உன்ன நாங்க இன்னாப்பா பண்ணியிருக்கப் போறோம்?" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வா. இத்த அங்க நின்னு சொல்லு" என்றார்.

போனேன். அவனை ஜெபத்துக்கு நிறுத்திய அதே இடத்தில் என்னை நிறுத்தினார்கள். டீக்கடையில் பார்த்த அந்த அப்பாவும் மகளும் நாலாவது வரிசையில் இருந்தார்கள். சொல்லி முடித்தேன். அவன் அம்மாதான் எழுந்தார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்போ, நீ அவனோட சேராமலே இருந்திருந்தா எம்புள்ள தானா ஊசியப் பாத்துகினு வூட்டுக்கு வந்திருப்பான், இல்ல?"

"வந்திருப்பான்மா" என்றேன்.