எல்லைக்கல்லுக்குப் பின்னால் ஒரு பாதை

போன மாசம் சம்பந்தி வீட்டார் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். தமிழ்நாடும் கேரளாவும் சேருகிற இடத்தைப் பார்க்கணும் என்றார்கள். மலைக்கு மேலே, ரோடு எல்லையைத் தாண்டுகிற மெட்டுக்குக் கூட்டிப் போனேன். எந்த மெட்டு என்று சொல்ல மாட்டேன். எல்லா மெட்டிலும் அதே நாத்தந்தான். ரோட்டோரம் கோழிக்கழிவு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கேரளத்துக்காரர்கள் கொட்டிய குப்பை என்று தமிழ்நாட்டுக்காரர்கள் அள்ளுவதில்லை. இவர்கள் நிலம் என்று அவர்கள் அள்ளுவதில்லை. எல்லைக்கல்லில் மூத்திரம் காய்ந்து வெள்ளை பூத்திருக்கிறது. சம்பந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, அங்கிட்டு ஒரு கால் இங்கிட்டு ஒரு கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"நீங்களும் வந்து நில்லுங்க சம்பந்தி."

நான் போய் நிற்கவில்லை. நாத்தத்தால் மட்டும் இல்லை.

அதுக்குள்ளேயும் எங்கிருந்தோ ஏலக்காய் வாசம் வந்தது. கடையில் விற்கிற காய் வாசம் இல்லை. பச்சைக் காய், ஈரச் சேலை, வெத்திலை எல்லாம் கலந்தது. செல்போன் எல்லார் கைக்கும் வராத காலத்தில் என் ஜீப்பு முழுக்க அந்த வாசந்தான். எங்க ஊர் கோம்பையிலிருந்து கேரளத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிப் போவேன். பத்துப் பேர் போகிற வண்டியில் பதினெட்டுப் பேர். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் தலை எண்ணுவதில் கெட்டிக்காரன். செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் எட்டுப் பேரை இறக்கிவிடுவேன். எல்லைக்கல்லுக்குப் பின்னால் ஒத்தையடிப் பாதை ஒன்று உண்டு. அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்குவார்கள். நான் நல்லவன் மாதிரி பத்துப் பேரோடு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் அவர்களை மறுபடி ஏற்றிக்கொள்வேன். எல்லா ஜீப்புக்காரனும் அப்படித்தான்.

இறங்குகிறவர்களில் முதல் ஆள் பேச்சியம்மா.

"காலம்பறயே நடக்க விட்டுட்டியே, ஒரு நாளைக்கி நீ நட, நான் ஓட்டுறேன்" என்பாள். வண்டியே சிரிக்கும்.

ஒரு ஆடிமாதச் சாரலில் பாதை வழுக்கி, மேட்டிலிருந்து உருண்டு எல்லைக்கல்லுக்குக் குறுக்கே விழுந்தாள். முழங்கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். ரெண்டு பக்கத்துப் போலீஸும் வந்தார்கள்.

"தல அங்கிட்டுல்ல கெடக்கு. அவுகதேன் பாக்கணும்" என்றார் நம்ம பக்கத்துக்காரர்.

மலையாளத்துக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "காலல்லே ஒடிஞ்ஞது? காலு உங்க சைடாணு."

அவள் மழையில் கிடந்தாள். இவர்கள் கல்லைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தூ.

அவர்களை மட்டும் துப்பி என்ன செய்ய. "எந்த வண்டில வந்தா?" என்று நம்மாள் கேட்டார். என் வண்டி என்றால் பெர்மிட் போகும். வைத்தியமும் என் தலையில் விழும். பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"தெரியல சார். என் வண்டில வந்தவ இல்ல" என்றேன்.

பேச்சியம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார். நான் நடந்துதேன் வந்தேன்."

அத்தனை வளைவு மலையை, விடிந்தும் விடியாமல், ஒருத்தி நடந்து ஏறி வந்தாளாம். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய வேன்காரன் ஒருத்தன், யார் எவர் என்று கேட்காமல் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். துணைக்கு ரெண்டு பேர் போனார்கள். மிச்சப் பதினைந்து பேரோடு நான் தோட்டத்துக்குப் போனேன். மறு வாரம் ஒவ்வொருத்தியாக வேறு ஜீப்புக்கு மாறினார்கள். சண்டை இல்லை, ஏச்சு இல்லை. ஏசியிருக்கலாம்.

இப்போது அந்தப் பாதை இல்லை. குப்பைக்கு அடியில் போய்விட்டது. ஜீப்பும் இல்லை. பேச்சியம்மா மட்டும் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். சாயங்காலம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அந்தக் கால் மடங்காது. நான் வருவதைப் பார்த்தால் ரெண்டு கையாலும் அதைத் தூக்கி ஓரமாக நகர்த்தி வைத்து, எனக்கு வழி விடுவாள்.