வலது பின் சக்கரம்

"டயர்ல வெள்ளை தெரிஞ்சா ஹார்லன் முழங்கால்ல ரெண்டு தட்டு. பின்னாடி வண்டி வந்தா தோள்ல ஒண்ணு. அவ்வளவுதான் டீச்சரம்மா, என் உத்தியோகம்" என்றான் லோரென்ஸ்.

"அதான் பேப்பர்ல ஹார்லன் பேரை மட்டும் போடறாங்களா?"

"என் பேரும் வரும். நான் தெறிச்சு விழற அன்னைக்கு."

"வாயை மூடு அண்ணா."

வீட்டுக்குப் பின்னால், கம்பத்தில் மாட்டியிருந்த பந்தயச் சக்கரத்தை ஹெட்விக் வேகமாகச் சுழற்றிவிட்டு, ஓடிவந்து அவன் பக்கத்தில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். சாம்பல் நிற டயரில் அவள் போட்ட வெள்ளைச் சாக்கட்டிக் கோடு. ரப்பர் தேய்ந்துபோனால் உள்ளேயிருக்கும் துணி அப்படித்தான் வெளுப்பாக எட்டிப்பார்க்கும். உடனே சொல்லாவிட்டால் அடுத்த சுற்றுக்குள் டயர் வெடித்துவிடும்.

அவள் முழங்காலில் இரண்டு தட்டு விழுந்தது. மறுமுறையும் விழுந்தது. மூன்றாம் முறை, அவனைச் சீண்டிப் பார்க்கத்தான், கோட்டை அழித்துவிட்டுச் சுழற்றினாள்.

இரண்டு தட்டு.

"எங்க பார்த்தே?"

"அதோ, பளிச்சுன்னு."

"நான் அழிச்சுட்டேன் அண்ணா."

சக்கரம் தானாக ஓய்ந்து நின்றது.

லோரென்ஸ் ஹாக்பார்த்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒல்லி உடம்பு. கனம் குறைவு என்பதற்காகவே ஹார்லன் டைஸ் அவனைப் பந்தய வண்டியில் பக்கத்தில் ஏற்றிக்கொண்டான். ஒரு கையால் எண்ணெய் பம்பை அடிக்க வேண்டும், இன்னொரு கையால் கைப்பிடியைப் பற்ற வேண்டும், கழுத்தைத் திருப்பி டயரைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. நான்கு வருடம் தட்டித்தட்டியே பேசினார்கள். போன இலையுதிர்காலத்தில் குழாய் பிய்ந்து கொதிக்கும் எண்ணெய் அவன் முகத்தில் அடித்தது. கண் ஆறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் இறங்கினால் அந்த இருக்கையில் ஏற கராஜ் வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் மதியம் ஹார்லன் சாப்பிட வந்தான்.

"உங்க அண்ணனுக்கு இன்னொரு கொழுக்கட்டை போடாதீங்க டீச்சர், வண்டி நகராது" என்றான். பிறகு பிறந்து இரண்டு மாதமான தன் மகளின் படத்தை மேஜைமேல் வைத்தான். "இவ அம்மாவுக்குப் பயம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாலு வருஷமா நான் பின்னாடி திரும்பிப் பார்த்ததே இல்லை. என் முதுகுல இருக்கிற கண்ணு லோரென்ஸ்தான்னு சொன்னேன்."

ஹெட்விக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஹார்லன், ஒரு விஷயம்..."

மேஜைக்கடியில் அவள் முழங்காலில் இரண்டு தட்டு விழுந்தது. வலிக்கும்படி.

"சொல்லுங்க டீச்சர்."

"காப்பி கொண்டு வரட்டுமா?"

ஹார்லனின் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் லோரென்ஸ் தட்டுகளைத் துடைக்க வந்தான். ஒரே தட்டை வெகுநேரம் துடைத்தான். போன வாரம் ஒத்திகையன்று ஹெட்விக் ஓடுதளத்தின் வேலியோரம் நின்று பார்த்திருந்தாள். புகையும் புழுதியுமாக ஏதோ ஒன்று கடந்து போனது. வண்டியின் மூக்கில் ஆள் உயரத்தில் பாதிக்கு எழுதியிருந்த எண்ணைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. அதை அவனிடம் சொன்னதும் உண்டு. அவன் சிரித்தான்.

"நாளைக்கு மூணாவது வளைவுல வேலிகிட்ட நில்லு, ஹெட்விக்" என்றான், தட்டைப் பார்த்தபடியே. "வலது பின் டயர்ல வெள்ளை தெரிஞ்சா உன் சிவப்புச் சால்வையைத் தூக்கிக் காட்டு. அந்த அளவுக்கு எனக்குக் கண்ணு தெரியும். இருநூறு சுத்து. ஒரு சுத்துலகூட வேற எங்கயும் பார்த்துடாதே."